கத்தியோடு விமானத்துக்குள் என்ன வேலை?

"சொல்லுய்யா. போன வாரம், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, கிளைடருக்குள்ள கத்தியோட உனக்கு என்ன வேலை?"

பயிற்சியாளர் போட்ட சத்தத்தில் கிளைடர் பயிற்சி கிளப்பின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெக்கானிக் விரலில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் நடந்தது இதுதான். கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. இறங்க ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் இன்னொரு சுற்று சுற்றிவர முடியாது. இன்று முதல்முறையாகத் தனியாகப் பறந்த மாணவி இறங்கும்போது வேகம் குறையவே இல்லை. கடைசி நேரத்தில் சக்கரமும் உள்ளே போய்விட்டது. வயிற்றால் தேய்த்துக்கொண்டே ஓடுபாதையைத் தாண்டி வேலியில் முட்டி நின்றது கிளைடர். ஒரு இறக்கை ஒடிந்தது. மாணவிக்கு நெற்றியில் நாலு தையல்.

"பயிற்சியில சக்கரத்தை யாரும் தொடறதே இல்லை மேடம். அது பாட்டுக்கு வெளிய இருக்கும். தானா எப்படி உள்ள போகும்? இவன் எதையோ நோண்டியிருக்கான்" என்றார் பயிற்சியாளர்.

கிளப் செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைப் பார்த்தார். "வாட்ச்மேன் பார்த்திருக்கார். இல்லைன்னு சொல்ல முடியாது. உங்களை வேற கிளப்புல கூப்பிடறாங்களாமே?"

"ஆமா மேடம்."

"பார்த்தீங்களா! போறதுக்கு முன்னாடி நமக்கு வேட்டு வெச்சுட்டுப் போகப் பார்த்திருக்கான்."

மெக்கானிக் ஓரமாக உட்கார்ந்திருந்த மாணவியை ஒரு நொடி பார்த்தார். அதுவும் பயிற்சியாளர் கண்ணில் பட்டுவிட்டது.

"அங்க என்ன பார்வை? அந்தப் பொண்ணைக் கொல்லப் பார்த்துட்டு, அது மூஞ்சியை வேற பார்க்கிறியா?"

"கடைசியா கேட்கறேன்" என்றார் செயலாளர். "பதில் சொல்லலைன்னா இன்னிக்கே வேலை போயிடும். போலீஸுக்கும் சொல்ல வேண்டியிருக்கும்."

"உங்க இஷ்டம் மேடம்."

மாணவியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"அண்ணனை விட்டுடுங்க. சக்கரத்தை உள்ள இழுத்தது நான்தான்."

"உக்காரும்மா. இனிமே உன்னைப் பறக்கவே விட மாட்டாங்க" என்று பதறினார் மெக்கானிக்.

"விட வேண்டாம்ணே. வேகத்தைக் குறைக்கிற இறக்கை பிரேக்குன்னு நினைச்சு சக்கரக் கைப்பிடியை இழுத்துட்டேன் மேடம்."

பயிற்சியாளருக்கு நம்பிக்கையில்லை. "தனியா பறக்கிற அளவுக்கு வந்தவளுக்கு எது பிரேக், எது சக்கரம்னு தெரியாதா? இவனைக் காப்பாத்தக் கதை விடாதே."

"தெரியும் சார். ஆனா இறங்கும்போது கண்ணு ஓடுபாதையிலதான் இருக்கும். கைதான் தேடும். ரெண்டு கைப்பிடியும் ஒரே பக்கம், கிட்டக் கிட்ட. போன வாரம் தரையில உக்காந்து பழகும்போதே மாத்திப் பிடிச்சேன். அண்ணன் பார்த்துட்டார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அண்ணன்கிட்ட நான்தான் கெஞ்சினேன். தெரிஞ்சா திட்டித் தீர்த்திருப்பீங்க."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லாதது தப்புதான் மேடம். மனசு கேக்காம, சொரசொரப்பான டேப்பை வெட்டி, முன் சீட்டு சக்கரக் கைப்பிடியில சுத்தினேன். சொரசொரன்னு இருந்தா தொடாதே, வழவழன்னு இருந்தா பிரேக்குன்னு சொல்லிக் குடுத்தேன். கத்தி அதுக்குத்தான். அனுமதி இல்லாம உள்ள ஒரு நூலைக்கூடச் சேர்க்கக் கூடாது. அதான் மென்னு முழுங்கினேன்."

"அதுக்கப்புறம் சாரைப் பின் சீட்டுல வெச்சுக்கிட்டு ஆறு தடவை இறங்கினேன். ஒரு தடவைகூட மாறலை" என்றாள் மாணவி. "இன்னிக்குப் பிடிச்சது வழவழன்னு இருந்துச்சு. நம்பி இழுத்தேன்."

செயலாளர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் புதுச் சந்தேகம் வந்திருந்தது.

"அப்போ அந்த டேப்பை யாரோ உரிச்சிருக்காங்க. வேணும்னே செஞ்ச வேலை. அது யாருன்னு கண்டுபிடிக்காம நான் விடப்போறதில்லை."

பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தேட வேண்டாம் மேடம்" என்றார். "முதல் தடவையா தனியா போற பொண்ணு, சீட்டு சுத்தமா இருக்கட்டுமேன்னு காலையில நான்தான் துடைச்சேன்... கைப்பிடியில ஏதோ அழுக்கு டேப்புன்னு உரிச்சுப் போட்டுட்டேன்."