பெரணி குளிக்கிறது

வெளியே பிஷ்கெக் நகரம் முழுக்கப் பனி. தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்த ஐசல்கின், பூட்ஸைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றுவிடுகிறாள். குளியலறையில் வெந்நீர் விழும் சத்தம். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுச்சுவரில், கூரையை ஒட்டி இருக்கும் சின்ன ஜன்னல் ஆவி படிந்து மஞ்சளாக ஒளிர்கிறது. ஒரு துளி மட்டும் கோடிழுத்துக்கொண்டு இறங்குகிறது. அம்மா குளிக்கும்போது அப்படித்தான் இருக்கும். அம்மா இறந்த நாற்பதாம் நாளுக்கு உறவையெல்லாம் கூட்டிக் குதிரைக்கறி ஆக்கிப் போட்டது முந்தாநாள்தான். அப்பா தெமிர்குல் மேசையருகே, ஆறிப்போன தேநீர்க் கிண்ணத்தை இரு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

“உள்ள யாருப்பா?”

“உங்கம்மாவோட பெரணிச்செடி. இலையெல்லாம் ஓரத்துல கருகுது. ஹீட்டர் சூடு அதுக்கு ஆகல. அவ குளிச்ச ஆவியிலதான் இத்தனை வருஷம் பச்சையா இருந்திருக்கு.”

“நீங்களும்தான் தினம் குளிக்கிறீங்க.”

“நான் அஞ்சு நிமிஷம். அவ ஒரு மணி நேரம்ல.”

ஜன்னலில் இன்னொரு துளி இறங்குகிறது.

“போதும்ப்பா. நிறுத்திடலாம்.”

“முப்பது வருஷம் நான்தான் கதவைத் தட்டி, போதும் வெளிய வான்னு கத்தினேன்,” என்கிறார் அவர், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். “இனி என்னால ஆகாது. வேணும்னா நீ போய்த் தட்டு.”

ஐசல்கின் போகிறாள். கதவு வெதுவெதுப்பாக இருக்கிறது. தட்டத் தூக்கிய கை மரத்தின்மேல் மெல்லப் படிந்து, அங்கேயே தங்கிவிடுகிறது. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது.