கப்டனின் கம்பெனி

லண்டன் டூட்டிங் பூங்காவில் நடக்கவிருந்த சரித்திர நாடகப் போரில், பழைய அமெரிக்கக் கோட்டைப்படைக்குச் சண்முகராசாதான் கப்டன். போருக்கு அரைமணி நேரமிருக்க, அவருடைய கம்பெனிப் படையில் மிஞ்சிய சிப்பாய் விக்னேஸ்வரன் மட்டுமே.

“மற்றவங்கள் எங்கையடாப்பா?”

“பிரிட்டிஷ் கூடாரத்துக்கு ஓடிட்டாங்கள், அண்ணை. இஞ்ச காய்ஞ்ச பிஸ்கட். அங்க மட்டன் ரோல்.”

“அந்தக் காலத்தில பிஸ்கட்டோடதான் கோட்டையைக் காத்தவங்கள். வாய்க்கு ருசியா கிடைக்குதெண்டு கட்சி மாறுறவன் ஒரு சிப்பாயே?”

“உங்கட பேச்சு வயித்தை நிரப்பாது. நானும் போறன்.”

ஓடியவர்களை இழுத்துவரக் கப்டன் வாளோடு எதிரிக் கூடாரத்துக்குள் பாய்ந்தார்.

ரோல் பொரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நகுலேஸ்வரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சரித்திரத்தில மட்டன் ரோல் இல்லையெண்டு காலமை என்னைக் கலைச்சனீங்கள். இந்தப் பிரிட்டிஷ்காரர் சேத்துக்கொண்டினம். வாளை வெளியில வைச்சிட்டு வரிசையில நில்லுங்கோ.”

கப்டன் வாளை வெளியே வைத்துவிட்டு வந்து நின்றார். அவருக்கு முன்னால் கம்பெனி முழுவதும் ஒழுங்காக வரிசையில் நின்றது.