மூலையில் ஒரு பொடியெழுத்து

செல்லக்கனியின் பணியாரக் கடைத் திறப்புக்கு வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். ‘பணியாரம்’ என்பதில் முதல் எழுத்தான ‘ப’ ஆளுயரம் இருந்தது. தெருவே தன்னைத்தான் பார்க்கிறது என்று அதற்கு நினைப்பு.

கீழ்மூலையில் நகராட்சியின் அனுமதி எண்ணும், ஏழு நாள் கெடுவும் எறும்பு ஊர்ந்தாற்போல ஒரே வரியில் கிடந்தன.

"ஏலே பொடிசு, ஒன்ன யாராச்சும் படிக்கிறாங்களா?" என்று ‘ப’ கேட்டது.

"இதுவரைக்கும் இல்லண்ணே," என்றது அந்தப் பொடிவரி.

மூன்றாம் நாள் நகராட்சி லாரி வந்தது. அனுமதியில்லாத பேனர்களையெல்லாம் அறுத்து ஏற்றினார்கள். வந்த அதிகாரியோ ‘ப’வை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து மூலையைப் படித்தார். "இது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து தினமும் விடிந்ததும் ‘ப’ பணிவாகக் கேட்கும்: "தம்பி, இன்னும் எத்தனை நாளு?"

ஏழாம் நாள் பொடிவரி சொன்னது: "இன்னையோட சரிண்ணே. எறங்கிருவோம்."

செல்லக்கனி கயிற்றை அவிழ்த்தாள். குப்பைக்குத்தான் என்று ‘ப’ கண்ணை மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மழை தூறியது. அவள் பேனரை அடுப்புக்கு மேலே கூரையாக இழுத்துக் கட்டினாள், எழுத்தெல்லாம் உள்பக்கமாக. இப்போது ‘ப’ அடுப்பைப் பார்த்துக் குப்புறக் கிடந்தது. தெரு தெரியவில்லை. பணியாரச் சட்டியின் ஆவி மட்டும் இதமாக முகத்தில் பட்டது.

"தம்பி, இங்க எத்தனை நாளைக்கு?"

"நாம இப்போ கூரைண்ணே. கூரைக்கு யாரும் தேதி போடல."