தலைக்கணக்கு

"ஏறக் கூடாதுன்னா ஏறக் கூடாதுக்கா. வண்டி பஞ்சரு!"

ஷேர் ஆட்டோவின் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு செல்போனைத் தடவினான் மதுரைவீரன்.

பூக்கூடையோடு நின்ற செவந்தி குனிந்து மூன்று டயரையும் அமுக்கிப் பார்த்தாள்.

"மூணும் கல்லு மாதிரி இருக்கேடா!"

"உள்ளுக்குள்ள பஞ்சரு. வெளிய தெரியாது."

அடுத்து வந்த பெரியவரிடம் டீசல் இல்லை என்றான். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், "வண்டிக்குக் காய்ச்சல்" என்றான்.

மரத்தடியில் நோட்டும் பேனாவுமாக நின்ற இளமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருவரங்குளம் பக்கத்துக் கிராமங்களில் எங்கெங்கே மினி பஸ் விடலாம் என்று கணக்கெடுக்க வந்திருக்கும் அதிகாரி அவள். ஏழரையிலிருந்து எட்டரை வரை ஸ்டாப்பில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்காகக் கண்ணெதிரே ஒருத்தன் இப்படி அழிச்சாட்டியம் பண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

"தெனமும் இப்படித்தானாக்கா?"

"ஐயோ, தெனமும் கூப்புட்டுக் கூப்புட்டு ஏத்துவான் மேடம்!" என்றாள் செவந்தி. "இன்னிக்கு ஒங்களப் பாத்ததும் வயித்தெரிச்சல். பஸ்ஸு வந்தா இவன் பொழப்பு போயிருமில்ல? அதுக்கு எங்களப் பழி வாங்குறான். பூவெல்லாம் வாடுது, பாவிப்பய!"

"நல்லாத் திட்டுக்கா," ஆட்டோவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம் சத்தமா!"

இளமதி பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள்.

கல்லூரிக்குப் போகும் மோகனப்ரியா வந்தாள். கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு வந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டோடு இரண்டு பேர். நிழல் போதாமல் கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டது. ஆளாளுக்கு மதுரைவீரனைத் திட்டினார்கள். அவன் அசையவில்லை.

எட்டரை. அறுபத்து மூன்று பேர்.

இளமதி திகைத்தாள். போன வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தாள். இதே ஸ்டாப்தான். 'நான்கு பேர். பஸ் தேவையில்லை' என்று எழுதியிருந்தது.

"அறுபத்து மூணு!" வாய்விட்டே சொல்லி நோட்டை மூடினாள்.

அவ்வளவுதான். ஆட்டோ ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.

"ஏறுங்க, ஏறுங்க! பள்ளிக்கூடப் புள்ளைக மொதல்ல! ஆஸ்பத்திரிக்காரவுக முன்னாடி வாங்க!"

இளமதி விறுவிறுவென்று போய் ஆட்டோவை மறித்தாள்.

"நல்லா இருந்த வண்டிய வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா இத்தனை பேரை நிக்க வச்சீங்களே, வெக்கமா இல்ல? நல்லாக் கேட்டுக்குங்க. இந்தக் கூட்டத்துக்குக் கண்டிப்பா பஸ் வரும்."

"நெசமாவா மேடம்?" அவன் முகமெல்லாம் பல்லானது. "சீக்கிரம் விடச் சொல்லுங்க. ஆட்டோவுல பதினாலு பேரை அடைச்சுக்கிட்டு கம்மாக்கரையில திரும்புறப்ப, தெனமும் எனக்கு ஈரக்கொல நடுங்குது."

இளமதிக்குக் குழப்பமாகிவிட்டது.

"பஸ் வரணும்னு நெனைக்கிறவரு, இன்னிக்கு ஏன் இவங்களை ஏத்தாமப் படுத்துக்கிட்டீங்க?"

மதுரைவீரன் தலையைச் சொறிந்தான்.

"போன வருஷம் எண்ண வந்த சாரு எட்டரைக்குத்தான் வந்தாரு மேடம். அவரு வாரதுக்குள்ள, கிறுக்குப்பய நாந்தான் நாலு நடையில ஊரையே அள்ளிக்கிட்டுப் போயி எறக்கிட்டேன்!"