லூனுக்கு ஒரே ஒருத்தர்

"ஒரு மணி நேரம் லேட்டுதான், ஒத்துக்கறேன். ஆனா தப்பு என்னுது இல்ல. உங்க கடிகாரத்தோடது!"

டோனட் கடைக்குள் நுழைந்தவர் கையுறையைக் கழற்றாமலேயே சண்டையை ஆரம்பித்தார். மேஜையில் அவருக்காகக் காத்திருந்த லார்னுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. ஐந்து வருடங்களாக வாரம் தவறாமல் தன்னைத் திட்டி எழுதும் எம்மெட் இவர்தான்.

"லூன் கடிகாரமா?" என்று லார்ன் கேட்டான்.

"வேற எது? வசந்தம் வந்தா ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைக்குது. உங்க லூன் மட்டும் அசையாம உக்காந்திருக்கு."

லார்னுக்கு உள்ளம் குளிர்ந்தது. நேரில் திட்டு வாங்குவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

லூன் என்பது அவன் எழுதிய டெஸ்க்டாப். லினக்ஸ் கணினியில் ஜன்னல், மெனு, கடிகாரம் எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதற்கு முப்பது டெஸ்க்டாப்கள் ஏற்கெனவே இருந்தன. முப்பதும் பிடிக்காமல், கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, லார்ன் முப்பத்தோராவதை எழுதினான். தண்டர் பே துறைமுகத்துத் தானியக் கிடங்கில் இரவுக் காவல் பார்ப்பது வயிற்றுக்கு. லூன் மானத்துக்கு.

இலவச மென்பொருளில் ஒரு சங்கடம் உண்டு. அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது எழுதியவனுக்கே தெரியாது. யாராவது திட்டினால்தான் ஆள் இருப்பது தெரியும். லூனைத் திட்டியவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துபோய், கடைசியில் எம்மெட் மட்டும் மிஞ்சினார். போன வாரம், லூனை இழுத்து மூடப் போவதாக லார்ன் இணையத்தில் அறிவித்தான். 'பொறுங்க, பிழையை நேர்ல காட்டறேன்' என்று எழுதிவிட்டு, நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டலூத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் மனிதர்.

இவர் கணினியில் லூன் ஓடுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். மூட வேண்டாம். இல்லையென்றால் இன்றோடு சரி. டூட்டி முடிந்து வரும் வழியில் லார்ன் இப்படித்தான் முடிவு செய்திருந்தான்.

"மடிக்கணினியை எடுங்க. பிழையைப் பாப்போம்."

"முதல்ல காபி."

காபி வந்தது.

"இப்ப எடுங்க."

"பேட்டரி இல்ல."

"உங்க முழங்காலுக்குப் பக்கத்துலயே பிளக் இருக்கு."

"யாராவது பாத்துக்கிட்டிருந்தா அந்தப் பிழை வராதுய்யா."

"ஏன், கடிகாரம் வெட்கப்படுமா?"

எம்மெட் டோனட்டைத் தின்னாமல் பிய்த்துக்கொண்டே இருந்தார். "மூடாதீங்க லார்ன். புரோகிராம் எழுதறவனுக்கு லூன் மாதிரி ஒண்ணு கிடையாது. எழுதற ஜன்னல் ஒரு பக்கம், ஓட்டிப் பாக்கறது இன்னொரு பக்கம். நடுவுல ஒரு தொந்தரவு இல்ல. மவுஸைத் தொடாமலே நாள் பூரா ஓட்டலாம். மத்ததெல்லாம் வெறும் மினுக்கு."

"இந்தப் பாராட்டுல ஒரு வரியாவது நீங்க எனக்கு எழுதியிருக்கீங்களா? 'இதை எழுதினவன் விரலை ஒடிக்கணும்'னுதான எழுதினீங்க?"

"அது பாசத்துல எழுதினது."

"சரி, பாசத்தோட திறங்க."

வேறு வழியில்லாமல் எம்மெட் மடிக்கணினியை எடுத்துத் திறந்தார். திரை பளிச்சென்று எரிந்தது. பேட்டரி நிறையவே இருந்தது. நீல மலை ஒன்று, அதன் கீழே வரிசையாக வட்டப் பொத்தான்கள். அந்த நீல மலை எந்த டெஸ்க்டாப்போடு வருவது என்று லார்னுக்கு நன்றாகத் தெரியும். பாதி உலகம் அதைத்தான் வைத்திருக்கிறது.

"எப்பலேர்ந்து?" என்றான்.

"ரெண்டு வருஷம் ஆச்சு." எம்மெட் காபிக் கோப்பையைப் பார்த்துப் பேசினார். "அந்தக் கடிகாரத்தோட என்னால மல்லுக்கட்ட முடியல."

"அப்ப இன்னிக்கு லேட்டா வந்தது?"

"எல்லையைத் தாண்டினா உங்க பக்கம் ஒரு மணி நேரம் கூடுதல்னு மறந்துட்டேன்."

"பின்ன எதுக்குய்யா வாராவாரம் திட்டினீங்க?"

"நானும் நிறுத்திட்டா யாருமே இல்லன்னு மூடிடுவீங்களே. பாவமா இருந்துது."

லார்ன் எழுந்துவிட்டான். "பாவமா? எனக்கா? நான் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு உங்க புகாருக்கெல்லாம் பதில் எழுதிக்கிட்டிருக்கேன். நீங்க அந்த மினுக்குல சொகுசா உக்காந்துக்கிட்டு என் லூனுக்கு நொட்டை சொல்லியிருக்கீங்க! கொஞ்சமாவது விசுவாசம் வேண்டாமா?"

கல்லாவில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். எம்மெட்டின் தலை இன்னும் தாழ்ந்தது.

"தப்புதான். இவ்வளவு தூரம் வந்துட்டேன். மூடறதுக்கு முன்னாடி லூனைக் கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போறேன். உங்களுதைத் திறங்களேன்."

லார்ன் உட்கார்ந்தான். மேஜைக்கு அடியில் இருந்த தன் பையைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான்.

"பேட்டரி இல்ல," என்றான்.

எம்மெட் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கை விரலால் காட்டினார்.

லார்ன் மெதுவாகப் பையை எடுத்தான், மெதுவாக மடிக்கணினியைத் திறந்தான். மேஜையின் அந்தப் பக்கம் ஒரு நீல மலை, இந்தப் பக்கம் ஒரு நீல மலை.

"எப்பலேர்ந்து?" என்றார் எம்மெட்.

"உங்களுக்கு ஒரு வருஷம் முன்னாடி," என்றான் லார்ன். "அந்தக் கடிகாரத்தை நம்பி ஒரு நாள் டூட்டிக்கே லேட்டாப் போயிட்டேன்."