வராத நினைவூட்டல்

"ஆள் உயிரோட இருக்கானான்னு முதல்ல பாரு" என்றார் லோயிஸ், காபியை மேஜையில் வைத்தபடி.

அவர் கணவர் ஆரின் ஹாகன் திரையில் குவிந்து கிடந்த மின்னஞ்சல்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். மூன்றாவது திங்கட்கிழமையாக கார்னெட் ஃப்ரீசனிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

ஏப்ரல் பிறந்தும் அமெரிக்காவின் டுலூத்தில் பனி விடவில்லை. ஆரினுக்கும் விடிவு இல்லை. எந்தக் கோப்பு கணினி டிஸ்க்கின் எந்த மூலையில் இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ளும் நிரல் ஒன்றைப் பதினெட்டு வருடங்களாகக் கட்டிக் காத்து வருகிறார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைப் படித்து, சோதித்து, 'சரி' என்று கையெழுத்துப் போடத்தான் அவரை விட்டால் நாதியில்லை. சம்பளமா? நல்ல கதை.

அவர் கையெழுத்துப் போட்ட எதனாலும் இன்றுவரை யாருடைய கோப்பும் தொலைந்ததில்லை. அவரிடம் மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

கார்னெட் கனடாக்காரன். சஸ்கட்சுவானில் ஒரு தானியக் கிடங்கில் கணினி பார்ப்பவன். ஏழு மாதத்துக்கு முன் ஒரு திருத்தம் அனுப்பினான். 'டிஸ்க்கின் வேகம் இரண்டு மடங்காகிறது. என் வீட்டுக் கணினியில் இன்றுமுதல் இதைத்தான் ஓட்டுகிறேன்' என்று கீழே எழுதியிருந்தான். ஆரின் 'பார்க்கிறேன்' என்று பதில் போட்டார். பார்க்கவில்லை.

காத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஒற்றை வரியில் நினைவூட்டுவது இவர்கள் வழக்கம். கார்னெட் திங்கள் தவறாமல் அனுப்பினான். 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்றுதான் ஆரம்பிப்பான். ஒரு நாளாவது கோபப்பட்டிருந்தால் ஆரினுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இருபத்தேழு மன்னிப்புகள் வந்தன, பிறகு நின்றுவிட்டன.

"வெறுத்துப் போயிருப்பான் லோயிஸ். போன வருஷம் ரெண்டு பேர் இப்படித்தான் சொல்லாம கொள்ளாம போனாங்க."

"போகாம? நீ கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருந்தா?"

"ஒருத்தன் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்றது? எனக்கு முடியல."

"முடியலைன்னாவது எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?"

ஆரினுக்குச் சுருக்கென்றது. காபி ஆறட்டும் என்று எழுந்து, அன்றே அந்தத் திருத்தத்தைக் கையில் எடுத்தார்.

வரி வரியாகப் படித்தார். அப்பழுக்கில்லாத வேலை. கீழ் அறையில் இருந்த பழைய கணினியில் அதை ஏற்றி, டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினார். திரும்பச் செருகி, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். மூன்று நாளில் நூறு முறை பிடுங்கியும் ஒரு கோப்புக்கும் சேதமில்லை. சேதம் அவர் முதுகுக்குத்தான்.

பாக்கி ஒரே ஒரு சோதனை. டிஸ்க்கை இம்மி இடமில்லாமல் நிரப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் பிடிக்கும்.

"இன்னும் ரெண்டு வாரமா?" என்றார் லோயிஸ். "ஏழு மாசம் காய வச்சது போதாதா?"

"வழக்கமா பண்றதுதான்..."

"ஆளைத் துரத்துறதும்தான் உனக்கு வழக்கம்."

அந்தப் பழைய கணினியை இன்னும் இரண்டு வாரம் கட்டி அழ ஆரினுக்கும் தெம்பில்லை. வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை வெளியான புதிய பதிப்பில் அந்தத் திருத்தமும் சேர்ந்து போயிற்று. கார்னெட்டுக்குத் தனியாக ஒரு மன்னிப்பு மடல் எழுதினார். அதற்கும் பதில் இல்லை.

திங்கட்கிழமை அவருக்கு மனசு கேட்கவில்லை. பழைய மடல் ஒன்றின் அடியில் கிடங்கின் தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டு, பெயரைச் சொன்னார்.

"ஆரினா? டுலூத் ஆரினா?" கார்னெட்டின் குரல் தடுமாறியது.

"அப்பாடா, இருக்கியா! மன்னிச்சுக்கப்பா. உன்னை ரொம்பக் காக்க வச்சிட்டேன். நீ கோவிச்சுக்கிட்டது நியாயம்தான்."

"கோபமா? எனக்கா? ஐயோ, உங்க மடலைக்கூடத் திறக்காம, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்களுக்கு எழுதுறதுன்னு நான்தான் முழிச்சுக்கிட்டிருந்தேன்!"

"உனக்கு என்ன வெக்கம்? தப்பு என் மேல. அதையெல்லாம் விடு, வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை ஊர் பூரா போய்ச் சேர்ந்தாச்சு!"

லோயிஸ் பக்கத்தில் நின்று, ஒருவழியாகச் சிரித்தார். ஆரினும் பல நாள் கழித்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கிடங்கில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கார்னெட்? இருக்கியா?"

"போன மாசம் என் டிஸ்க் நிறைஞ்ச அன்னிக்கு, உள்ள இருந்தது அத்தனையையும் அந்தத் திருத்தம் முழுங்கிடுச்சு ஆரின்... நீங்க எப்படியும் அதைத் தொடவே மாட்டீங்கன்னுல்ல நம்பி இருந்தேன்!"