ஒன்பது நிமிடம்

வயிற்றில் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன் பாதியில் இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மளமளவென்று இறங்கியது.

மயக்க டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வலது நெஞ்சில் மூச்சுச் சத்தமே இல்லை.

"வயித்துக்குள்ள கேஸ் விடறத நிறுத்துங்க! நெஞ்சுல காத்து அடைச்சிருக்கு. ஊசி குடுங்க!"

ஊசி இறங்கியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. ஆக்சிஜன் ஏறியது.

"நாப்பதே செகண்ட்! பொழச்சிட்டாங்க டாக்டர்," என்றாள் நர்ஸ்.

"மறுபடியும் ஆரம்பிங்க."

"பதினோரு தடவை ஆச்சு டாக்டர். பொம்மைக்கே மூச்சு வாங்குது. இன்னிக்குப் பயிற்சி போதும்."

அவர் பொம்மையின் நெஞ்சிலிருந்து ஊசியை உருவினார்.

"போன மாசம் இப்படியே நம்ம டேபிள்ல இறந்துபோனாங்களே, அந்தம்மாவோட பொண்ணு நேத்து வந்தா. 'காப்பாத்த நேரமே இல்லையா டாக்டர்?'னு கேட்டா. இல்லம்மான்னு சொல்லிட்டேன்."

நர்ஸ் அவர் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு மூச்சுக்காக வாயில விட்ட குழாய்தான் அடைச்சிருக்குன்னு அதையே நோண்டிக்கிட்டிருந்தேன். முழுசா ஒன்பது நிமிஷம் இருந்துச்சு சிஸ்டர்."